இறந்தகாலத்தில் சொல்லக் கூடாத வெற்றி

நாளை காலை முதல் இந்த மறுவாழ்வு மையத்தின் ஆலோசனை அறையில் என் நாற்காலியில் மாறி மாறி அமரப்போகிற மூவரே, உங்களைச் சாட்சிகளாக அழைக்கிறேன். நடந்ததை நேரில் பார்த்தவர்தானே சாட்சி, நாங்கள் எதையும் பார்க்கவில்லையே என்று நீங்கள் மறுக்கலாம். அந்த மறுப்பை ஏற்க மாட்டேன். சென்ற வாரம் அறிமுகத்துக்காக வந்தபோது, வரவேற்பறைச் சுவரில் கடிகாரத்துக்குக் கீழே நான்கு ஆணித் துளைகளை நீங்கள் பார்த்தீர்கள். உங்களில் ஒருவர், "இங்க என்ன சார் மாட்டியிருந்துச்சு?" என்றுகூடக் கேட்டார். நான் பேச்சை மாற்றினேன். பேச்சை மாற்றுவது எனக்குக் கைவந்த கலை. இன்று மாற்றப்போவதில்லை.

பணி அனுபவங்களை எழுதுவோர் பெரும்பாலும் ஓய்வூதியம் வாங்குவோர். எனக்கு வயது முப்பத்து நான்கு. முசிறியில் தொடங்கவிருக்கும் நம் கிளைக்குப் போகிறேன். ஆகவே திருவரங்கத்து மேசையிலிருந்து மட்டுமே ஓய்வு பெறுகிறேன். இருப்பினும், எட்டு ஆண்டுகள் இங்கே கற்றதை விட்டுச் செல்லாமல் போவது முறையன்று. இந்தத் தொழிலின் படிவங்களையும் மருந்து அட்டவணைகளையும் உங்களுக்குப் பிறர் கற்றுத் தருவார்கள். நான் சொல்லப்போவது என் பிழையை. அதிலிருந்து பிறந்த வெற்றியையும் சேர்த்தே சொல்லப்போகிறேன். வெற்றியைச் சொல்லும்போது என் குரல் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அது உயரத்தான் செய்யும்.

கல்லூரி நாட்களில் நான் தோற்ற விவாத மேடை என்று ஒன்று இல்லை. தலைப்பின் எந்தப் பக்கத்தைக் கொடுத்தாலும் அந்தப் பக்கம் வெல்லும். திருச்சி வீட்டில் பரிசுக் கோப்பைகளை வைக்க இடமில்லாமல் என் தாயார் ஒன்றில் உப்பு போட்டு வைத்தார். அந்தப் பெருமிதத்தோடு சமூகப்பணிப் பட்டம் பெற்று இந்த மையத்தில் ஆலோசகனாகச் சேர்ந்தேன். பயிற்சித் தேர்விலும் நானே முதல். குடிநோய் நாள்பட்ட நோய்; போதை மாத்திரைக்கும் ஊசிக்கும் ஆட்படுவதும் அவ்வாறே; மூளை தன் பழக்கத்தை ஆழமாகப் பதித்துக்கொள்வதால் வருவது; கட்டுக்குள் வைக்கலாம், ஆனால் சில வேளை மீண்டும் தலைதூக்கும்; அப்படித் தலைதூக்கினால் மாற்ற வேண்டியது சிகிச்சையை, திட்ட வேண்டியது மனிதரை அன்று. இவற்றை நான் எடுத்துரைத்த அழகில், நோயாளிகளின் குடும்பத்தார் கைதட்டியிருக்கிறார்கள்.

வாயால் நோய் என்றேன். மனத்துக்குள் அதைப் போர் என்றே வைத்திருந்தேன். போர் என்றால் வென்றவர் வேண்டுமே?

உறையூரில் மோட்டார்களுக்குக் காயில் எனப்படும் கம்பிச் சுருள் கட்டும் கடை வைத்திருப்பவர் ரெங்கராஜ். பதினேழு ஆண்டுகள் குடித்தவர். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, மயிரிழை போன்ற செம்புக் கம்பியைச் சுற்றுப் பிசகாமல் கட்ட வேண்டிய கைகள் நடுங்கத் தொடங்கிய பிறகு அவர் மனைவி செல்வராணி அழைத்துவந்தார். இங்கே தங்கிச் சிகிச்சை பெற்றார். ஓராண்டு ஒரு சொட்டுத் தொடவில்லை. கடைக்கு வாடிக்கையாளர்கள் திரும்பி வந்தார்கள்.

அதுவரை நம் மையத்தில் ஓராண்டு நிறைவு என்பது மிக எளிய நிகழ்ச்சி. சுண்டல், தேநீர், வட்டமாகப் போட்ட நாற்காலிகள், ஆளுக்கு இரண்டு வார்த்தை. எனக்கு அது போதவில்லை. ஆண்டு விழா ஒன்றை அறிவித்தேன். பந்தல் வந்தது, சிறப்பு விருந்தினர் வந்தார், பொன்னாடை வந்தது. பொன்னாடை வந்தபின் பட்டம் இல்லாமல் இருக்கலாமா? மேடைத் தமிழ் அறிந்தவர் எவரும் ஒப்ப மாட்டார்கள். மூன்று நாள் யோசித்து, மோனை தப்பாமல் ஒன்றை வடித்தேன்: 'மதுவை வென்ற மாவீரர்'. ரெங்கராஜின் தோளில் பொன்னாடை விழுந்தபோது அவர் கூச்சத்தில் நெளிந்தார். நானோ ஒலிபெருக்கியில் முழங்கினேன். அவருடைய வண்ணப்படத்தைப் பட்டத்தோடு சேர்த்துச் சட்டமிட்டு, வரவேற்பறைச் சுவரில் நான்கு ஆணிகள் அடித்து மாட்டினோம். உள்ளே நுழையும் ஒவ்வொரு நோயாளியும் அதைப் பார்த்து ஊக்கம் பெற வேண்டும் என்பது என் திட்டம். வாயிற்கதவில் நின்றாலே தெரியும் அளவு பெரிய படம்.

நான்கு மாதங்கள் கழித்து ஒரு காலை, குழுக் கூட்டத்துக்கு மணி அடிப்பதற்குச் சற்று முன் தொலைபேசி ஒலித்தது.

"சார், ரெங்கராஜ் சம்சாரம் பேசுறேங்க."

"சொல்லுங்கம்மா! நம்ம மாவீரர் எப்படி இருக்கார்?"

 அவர் மொத்தமாகக் கொட்டினார். "மூணு வாரமா குடிச்சுக்கிட்டு இருந்தாருங்க. உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டாரு. இப்ப நிப்பாட்டிட்டாரு. முந்தாநாள் சாயங்காலத்திலேருந்து ரூமை உள்ள பூட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு. நானே விட்டுட்டு, நல்லாயி, அதுக்கப்புறம்தான் சார் மூஞ்சில முழிப்பேங்கிறாரு."

இந்த இடத்தில்தான், சாட்சிகளே, கவனமாகக் கேட்க வேண்டுகிறேன். மூன்று வாரம் குடித்தார் என்ற செய்தி என்னைக் குத்தியது. நிறுத்திவிட்டார் என்ற செய்தி அந்தக் குத்தலை உடனே ஆற்றியது. நான் மகிழ்ந்தேன். மகிழ்ந்ததோடு நிற்கவில்லை, பேசத் தொடங்கினேன்.

"இதுதாம்மா மனவுறுதி! யார் துணையும் இல்லாம தனியா நின்னு போராடறார் பாருங்க. கதவைத் தட்டாதீங்க, அவரைக் கலைக்காதீங்க..."

"கை ரொம்ப நடுங்குதுங்க."

"நடுங்கட்டும்மா. வெற்றிக்கு முன்னாடி வர்ற நடுக்கம் அது."

என் கையிலிருந்து தொலைபேசி பிடுங்கப்பட்டது. பிடுங்கியவர் எங்கள் செவிலியர். என் வயதுக்காரர், கோட்டைப் பக்கத்து வணிகக் குடும்பத்துப் பெண். "என் பேரைப் போட்டு எழுதுனீங்கன்னா அப்புறம் இருக்கு" என்று அவர் எச்சரித்திருப்பதால், மையத்தில் எல்லாரும் அழைப்பதுபோல் சிஸ்டர் என்றே எழுதுகிறேன்.

"கொஞ்சம் வாயை மூடுங்க பேச்சாளரே" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவர் தொலைபேசியில் கேட்டார்: "அக்கா, நான் சிஸ்டர். அவருக்கு வேர்க்குதா? தூங்குனாரா? இல்லாதது எதுவும் கண்ணுக்குத் தெரியுதுங்கிறாரா?"

எனக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டினார். செல்வராணியின் குரல் வந்தது. "ரெண்டு நாளா பொட்டுத் தூக்கம் இல்லீங்க. சுவத்துல எறும்பு சாரை சாரையாப் போவுது, மருந்து அடிங்கிறாரு. சன்னல் வழியாப் பாத்தேன். ஒரு எறும்பும் இல்லீங்க."

சிஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "வருஷக்கணக்கா குடிச்ச உடம்பு. அதுல திடீர்னு நிறுத்துனா வலிப்பு வரும், உசுரே போகும். ஆஸ்பத்திரியிலதான் நிறுத்தணும். போன வாரம் வகுப்புல இதைப் பாடமா எடுத்தது யாரு?"

நான்தான் எடுத்தேன். கைதட்டலும் வாங்கினேன்.

ஆம்புலன்ஸை உறையூருக்கு வரச் சொல்லிவிட்டு நாங்கள் ஆட்டோவில் கிளம்பினோம். காவிரிப் பாலத்தில் வழக்கமான காலை நெரிசல். சிஸ்டர் மருத்துவமனைக்குப் பேசிப் படுக்கையைத் தயார் செய்துகொண்டிருந்தார். நான் ரெங்கராஜிடம் என்ன பேசுவது என்று மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்நாள் முழுவதும் செய்தது அதைத்தானே?

ஆம்புலன்ஸ் தெருமுனையில் நின்றது. சந்துக்குள் நுழைய வழியில்லை. வீட்டு வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தார்கள். எதிர் வீட்டில் தறி ஓசை நின்றுபோயிருந்தது. பின்கட்டு அறைக் கதவுக்குப் பின்னால், தாழ்ப்பாள் போதாதென்று ஒரு கனத்த மோட்டாரையும் இழுத்து முட்டுக்கொடுத்திருந்தார் ரெங்கராஜ்.

"ஒடச்சிடலாம் சார், ரெண்டு பேர் தோளைக் குடுத்தா போதும்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

சிஸ்டர் தடுத்தார். "இல்லாததெல்லாம் தெரியுற நேரம். பயந்தாருன்னா தலையைக் கொண்டுபோய் எங்கயாவது முட்டிக்குவாரு. பத்து நிமிஷம் பாப்போம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது." கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "பேசுங்க. இப்ப பேசலாம்."

பேசினேன். நெஞ்சுரம், நாளைய விடியல், குடும்பத்தின் கண்ணீர் என ஒத்திகை பார்த்த அத்தனையும் பேசினேன். "ரெங்கராஜ், நீங்க ஒரு முறை வென்றவர். வென்றவர் மறுபடியும் வெல்வார்!" என்று முடித்தேன்.

உள்ளிருந்து பற்கள் தந்தியடிக்கும் ஓசையோடு குரல் வந்தது. "அதாங்க சார் பிரச்சனையே."

"என்ன ரெங்கராஜ்?"

"ரெண்டு தடவை வந்தேன் சார். மொத நாளு குடிச்ச மறுநாளே வந்தேன். கேட்டு வாசல் வரைக்கும் வந்தேன். உள்ள என் போட்டோ இருந்துச்சு. மாவீரர்னு போட்டு, சிரிச்சுக்கிட்டு. அதைத் தாண்டி எப்படி சார் உள்ள வர்றது? திரும்பிட்டேன். அடுத்த வாரம் மறுபடியும் வந்தேன். அப்பவும் அவன் சிரிச்சுக்கிட்டுதான் இருந்தான்."

தம் படத்தையே 'அவன்' என்றார்.

 உதவி கேட்டு வந்த நோயாளியை இரண்டு முறை வாசலிலேயே திருப்பி அனுப்பியது எது? மதுவா? அல்ல. நான் அடித்த நான்கு ஆணிகள்.

"ஆறு நிமிஷம் ஆச்சு" என்றார் சிஸ்டர்.

வாக்கியம் எதுவும் வரவில்லை. வந்தது ஓர் எண்ணம் மட்டுமே. மையத்துக் காவலாளி அந்தோணி அண்ணனைத் தொலைபேசியில் அழைத்தேன். ஒலியை உச்சத்துக்கு ஏற்றிக் கதவிடுக்கில் வைத்தேன்.

"அந்தோணி அண்ணே, வரவேற்பறையில ரெங்கராஜ் படம் இருக்குல்ல, அதைக் கழட்டுங்க. இப்பவே. லைன்லயே இருங்க."

"என்னா சார் திடீர்னு? அது ஒசரத்துல இருக்கு."

"ஸ்டூல் போட்டு ஏறுங்க."

"ஸ்டூலு ஒரு காலு நொண்டி சார். நான் விழுந்தா யாரு பாக்குறது?" முக்கல், இழுபடும் ஓசை, மீண்டும் முக்கல். "நாலு ஆணி அடிச்சு வச்சிருக்கீங்க. சாமி படத்துக்கே ஒரு ஆணிதான் சார் அடிப்பாங்க."

கூடியிருந்தவர்களில் யாரோ சிரித்தார். கதவுக்குப் பின்னாலிருந்தும், நான் சத்தியம் செய்வேன், மூச்சுத் திணறியதுபோல் ஒரு சிரிப்பு வந்தது. பிறகு ஆணி பிடுங்கும் ஓசை, ஒன்று, இரண்டு. மூன்றாவதற்கு அந்தோணி அண்ணன் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லித் திட்டினார். நான்காவது ஆணி தரையில் விழுந்து உருண்டது எங்களுக்கே கேட்டது.

"கழட்டியாச்சு சார். இதை எங்க வைக்கிறது?"

நான் பதில் சொல்வதற்குள் உள்ளிருந்து குரல் வந்தது. "எங்கயாச்சும் கவுத்துப் போடச் சொல்லுங்க சார்."

"ரெங்கராஜ், கேளுங்க. நீங்க ஒண்ணும் தோக்கல. அந்தப் பட்டம் தப்பு. அதை எழுதுனவன் தப்பு. உங்களுக்கு நோய் திரும்பியிருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போவோம், வாங்க."

மோட்டார் நகரும் ஓசை கேட்டது. தாழ்ப்பாளை அவரால் நீக்க முடியவில்லை, அவ்வளவு நடுக்கம். நான்கைந்து முறை முயன்றபின் நீங்கியது. வேட்டி முழுக்க வியர்வையில் நனைந்து, சுவரை ஒரு கையால் தட்டி இல்லாத எறும்புகளை விலக்கிக்கொண்டே வெளியே வந்தார். சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிடத்தில் அரை நிமிடம் மிச்சம்.

ஆம்புலன்ஸ் மருத்துவமனைக்குள் திரும்பும்போதே வலிப்பு வந்தது. காத்திருந்த மருத்துவர்கள் ஏந்திக்கொண்டார்கள். கதவு திறக்காமலிருந்தால் அந்த வலிப்பு, பூட்டிய அறையில், இரும்பு மோட்டாருக்கும் சுவருக்கும் நடுவே வந்திருக்கும். அதற்கு மேல் நான் எழுத வேண்டியதில்லை.

அவர் பிழைத்தார். பிழைத்துவிட்டார் என்று மருத்துவர் சொன்ன பிற்பகலில், வார்டுக்கு வெளியே நான் செல்வராணியிடம் மன்னிப்புக் கேட்டேன். சற்று நீளமாகவே கேட்டேன். அவர் குறுக்கிட்டார்.

"சார், எங்கம்மாவுக்கு வருஷக்கணக்கா சுகர் இருக்கு. நடுவுல நல்லா கொறைஞ்சுது. யாரும் பொன்னாடை போத்தல. தீபாவளிக்கு லட்டு தின்னுட்டு ஏத்திக்கிட்டாங்க. யாரும் காறித் துப்பல. டாக்டர் திட்டுனாரு, மாத்திரையை மாத்துனாரு, போயிட்டு வாங்கன்னாரு. இவருக்கு மட்டும் ஏன் சார் ஒண்ணு சாமியாக்குறீங்க, இல்லேன்னா சாக்கடையில தள்ளுறீங்க?"

நான் பங்கேற்ற எந்த விவாதத்திலும் இவ்வளவு கூர்மையான எதிர்வாதத்தைக் கேட்டதில்லை. பயிற்சிக் கூடத்தில் நான் முதல் மதிப்பெண் வாங்கிய பாடம் அன்றுதான் எனக்குப் புரிந்தது.

ஐந்தாம் நாள் ரெங்கராஜ் எழுந்து உட்கார்ந்தார். என்னுள் இருந்த விவாதக்காரன் இன்னும் முழுதாக அடங்கவில்லை. "என்ன காரணம் ரெங்கராஜ்? எது உங்களை மறுபடி குடிக்க வச்சுது?" என்று கேட்டேன். ஒரு துயரத்தையோ துரோகத்தையோ எதிர்பார்த்தேன்.

அவர் கையை விரித்தார். "ஒண்ணுமில்ல சார். மழை பெஞ்சுது. கடையில கரண்டு இல்ல. சும்மா உக்காந்திருந்தேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார். பெருசா எதாச்சும் இருந்தா நல்லாத்தான் இருக்கும். யோசிச்சுப் பாத்துட்டேன், இல்ல."

நண்பர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நாள்பட்ட நோய் திரும்பி வருவதற்குக் காவியக் காரணம் தேவையில்லை. ஒரு மழையும் மின்வெட்டும் போதும். ஆகவே காரணத்தைத் தோண்டிக் குற்றவாளியைக் கண்டுபிடிக்காதீர்கள். அடுத்த மழைக்கு என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். அதைக் கேட்டபோது ரெங்கராஜ் உடனே விடை சொன்னார்: "கடைச் சாவியைப் பக்கத்து டைலர்கிட்ட குடுத்துட்டு வீட்டுக்கு வந்துடுறேன் சார்." இந்த விடையை எந்தச் சொற்பொழிவும் தந்திருக்காது.

அன்று மாலை மையத்துக்குத் திரும்பி என் பட்டத்தை மீண்டும் படித்தேன். 'மதுவை வென்ற மாவீரர்.' பிழை எங்கே என்று இலக்கண மாணவனாகத் தேடினேன். 'வென்ற' என்பது இறந்தகாலப் பெயரெச்சம். செயல் முடிந்துவிட்டது என்று அது அறிவிக்கிறது. முடிந்ததாக அறிவித்தபின் மீண்டும் விழுபவர் பொய்யராகிவிடுகிறார். நம் பள்ளிப் பாடத்தில் வினைத்தொகை என்று ஒன்று படித்திருப்பீர்கள். ஊறுகாய் என்றால் நேற்று ஊறிய காய், இன்று ஊறுகின்ற காய், நாளை ஊறும் காய். மூன்று காலமும் அந்த ஒரு சொல்லுக்குள் மறைந்திருக்கின்றன. நம்மிடம் வருபவர்களுக்கு உரிய இலக்கணம் அதுவே என்று கண்டேன். மீண்டவர் அல்லர், மீள்மனிதர். மீண்ட, மீள்கின்ற, மீளும் மனிதர்.

இக்கண்டுபிடிப்பின் களிப்பில் மறுநாளே வார்டுக்கு ஓடிச் செல்வராணியிடம் விளக்கினேன். முழுவதும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "பேரு நல்லாருக்குங்க சார். டிஸ்சார்ஜுக்கு அப்புறம் எந்த மாத்திரை எத்தனை வேளைன்னு அதே மாதிரி வெளக்கமாச் சொல்லிடுங்க." சிஸ்டர் சிரிப்பை அடக்க வெளியே போனார்.

அதன்பின் இங்கே பலவற்றை மாற்றினோம். மையத்தை விட்டுச் செல்லும் ஒவ்வொருவரிடமும், மீண்டும் குடிக்க நேர்ந்தால் முதலில் யாரை அழைப்பீர்கள், எந்தப் பேருந்தில் இங்கே வருவீர்கள் என்று கேட்டு எழுதிக் கொடுத்தோம். நீங்களாக நிறுத்த முயலாதீர்கள், உடனே வாருங்கள் என்று சொல்லிக்கொடுத்தோம். நிர்வாகக் குழுவில் ஒருவர் கொதித்தார்: "குடிச்சா என்ன செய்யணும்னு சொல்லிக்கொடுக்கறது, குடிக்கச் சொல்ற மாதிரி ஆகாதா?" நான் எழுந்தேன். "தீயணைப்பு நிலையத்தின் எண்ணைச் சுவரில் எழுதி வைப்பது வீட்டைக் கொளுத்தச் சொல்வதாகாது" என்றேன். தீர்மானம் நிறைவேறியது. அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் என் கல்லூரிக் கோப்பைகள் அனைத்தும் தகும் என்று இன்றும் நினைக்கிறேன்.

மூன்று ஆண்டுகள் சென்றன. ரெங்கராஜ் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டார், மாதமொரு முறை வந்து போனார், மழை நாட்களில் சாவியைத் தையற்கடையில் கொடுத்தார். புதிதாகச் சேர்ந்தவர்களிடம், "என்னைப் பாத்து கத்துக்காதீங்க, என் தப்பைப் பாத்து கத்துக்குங்க" என்பார்.

மூன்றாம் ஆண்டின் விழா மாலையில் மையத்து முற்றத்தில் நடந்தது. சிறப்பு விருந்தினர் நடுவில் அமர்ந்திருந்தார். செல்வராணி குடும்பத்தினர் சார்பில் பேச முன்வரிசையில் இருந்தார். கணவர் கடையை மூடிவிட்டு நேரே வருவதாகச் சொல்லியிருந்தார். நான் ஒலிபெருக்கியின் முன் நின்று, மூன்று அடுக்காக ஏறிச் செல்லும் ஒரு வாக்கியத்தின் இரண்டாம் அடுக்கில் இருந்தேன். அப்போது வாசலில் ரெங்கராஜ் நிற்பதைக் கண்டேன்.

நிற்கும் விதத்திலேயே தெரிந்தது. கதவுக் கம்பியைப் பற்றியிருந்தார்.

அந்தோணி அண்ணன் அவரிடம் குனிந்து மெல்லச் சொன்னது அமைதியான முற்றத்தில் நன்றாகவே கேட்டது. "பங்காளி, பெரிய மனுசங்க வந்திருக்காங்கப்பா. பின்வாசலா வா, நான் கூட்டிட்டுப் போறேன்."

சிறப்பு விருந்தினர் திரும்பிப் பார்த்தார். நிர்வாகக் குழுவில் அன்று கொதித்தவர் என்னை நோக்கிக் கையசைத்தார். பேச்சைத் தொடருங்கள், நாங்கள் கவனித்துக்கொள்கிறோம் என்பது அதன் பொருள். நியாயமான யோசனைதான். ஒருவருக்கும் தலைக்குனிவு இல்லாமல் முடிந்துவிடும். ஆனால் உள்ளே அமர்ந்திருந்த அறுபது நோயாளிகளும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வருபவருக்கு எந்த வாசல் என்பதை அவர்கள் அந்த நொடியில் கற்றுக்கொள்ளப்போகிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது.

வாக்கியத்தை இரண்டாம் அடுக்கிலேயே விட்டேன். மேடையிலிருந்து இறங்கினேன். நாற்காலிகளுக்கு நடுவே வாசலுக்கு நடந்தேன்.

"சார், குடிச்சிட்டேன்" என்றார் ரெங்கராஜ். நாக்குக் குழறியது, மறைக்க முயலவில்லை. "குடிச்சிட்டு ஓட்டக் கூடாதுன்னு வண்டிச் சாவியை டைலர்கிட்ட குடுத்துட்டு, ரெண்டு பஸ் மாறி வந்தேன். இன்னைக்கு விழான்னு சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறுன அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. எறங்கிடலாம்னு பாத்தேன். எறங்கல."

முன்வரிசையிலிருந்து செல்வராணி எழுந்து வந்துவிட்டார். அழுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"எத்தனை மணிக்குங்க?"

"ரெண்டு மணி இருக்கும்."

முற்றத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு ஆகியிருந்தது. "நாலு மணி நேரம்" என்றார். கூட்டத்தின் பக்கம் திரும்பி, வழக்கு ஒன்றை வென்றவரைப்போல் நிமிர்ந்து சொன்னார்: "போன தடவை மூணு வாரம் ஒளிஞ்சுக்கிட்டு இருந்தாருங்க. இன்னைக்கு நாலே மணி நேரத்துல வந்துட்டாரு!"

பின்வரிசையில், சேர்ந்து ஒரு வாரமே ஆன ஒரு நோயாளி கை தட்டினார். அடுத்தவர் தட்டினார். பிறகு முற்றமே தட்டியது. சிறப்பு விருந்தினர் எதற்கென்று முழுதாகப் புரியாமலே எழுந்து நின்று தட்டினார். என் எத்தனையோ சொற்பொழிவுகளுக்குக் கிடைத்த கரவொலிகளை நினைவில் வைத்திருப்பவன் நான். சாட்சிகளே, அவற்றில் எதுவும் இதற்கு அருகில் வராது. நோய் திரும்பி வந்தது உண்மை. அதைவிட வேகமாக மனிதர் திரும்பி வந்தார். நம் தொழிலில் வெற்றி என்பதற்கு இதைவிட நல்ல உருவத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

சிஸ்டர் ஏற்கெனவே இரத்த அழுத்தக் கருவியோடு வந்து ரெங்கராஜின் கையைப் பிடித்திருந்தார். "சாப்பிட்டீங்களாண்ணே? வாங்க, உள்ள போவோம்."

ரெங்கராஜ் நகரவில்லை. மேடையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க பேச்சைக் கெடுத்துட்டேனே சார். நடுவுல எறங்க வச்சுட்டேன்."

ஒலிபெருக்கி மேடையிலேயே இருந்தது. எனக்கு அது தேவைப்படவில்லை. கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பழக்கிய குரல் இது. அந்தக் குரலில், அறுபது நோயாளிகளும் அவர்தம் குடும்பத்தாரும் கேட்க, உரக்கவே சொன்னேன்:

"ரெங்கராஜ், நீங்க எப்ப வந்தாலும், எத்தனை தடவை வந்தாலும், நான் எந்த மேடையில எந்த வார்த்தையில நின்னுக்கிட்டிருந்தாலும், அதை அப்படியே விட்டுட்டு இறங்கி வருவேன்."